முதல் வேலையும் சம்பளச் சீட்டும்

கழகத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று இவ்வாண்டுச் செயலவை உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபோது, தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டனர். பட்டம் பெற்ற பின் முதல் வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே அத்தலைப்பு. நான் தொழில் ஆலோசகன் அல்லன். அத்துறையில் எனக்குப் பட்டயமும் இல்லை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. முதல் வேலையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவன் நான். அத்தவறு ஒரு குடும்பத்திடம் என்ன விலை கேட்கும் என்பதை நேரில் பார்த்தவன். வெற்றி பெற்றவர்கள் மேடையில் பேசிக் கேட்டிருப்பீர்கள். தடுக்கி விழுந்தவன் சொல்வதையும் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

பாரோயில் ஒரு லயத்து வீடு

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் உள்ள ஊர் பாரோய். இன்று அப்பெயரைச் சொன்னால் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கமும் வரிசை வரிசையான தாமான்களும்தாம் நினைவுக்கு வரும். என் சிறுவயதில் அவ்வட்டாரத்தைச் சுற்றி ரப்பர்க் காடுகள் இருந்தன. அவற்றுள் ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா பால் வெட்டினார். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். அதிகாலைப் பெரட்டுக்கு அப்பா கிளம்பும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

நான் வேதியியல் பட்டம் பெற்றது 1998ஆம் ஆண்டு. அந்த ஆண்டைப் பற்றி இளையோருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு தொடங்கிய ஆசியப் பொருளாதார நெருக்கடியில் நாடு திணறிக்கொண்டிருந்தது. 1998இல் நம் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. செப்டம்பர் 2ஆம் நாள் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென் என்று நாணய மதிப்பு கட்டிவைக்கப்பட்டது. தொழிற்சாலைகள் ஆளெடுப்பை நிறுத்தியிருந்தன. அத்தகைய நேரத்தில் நாங்கள் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து படம் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பாவுக்கு 55 வயது முடிகிறது. தனியார் துறையில் ஓய்வு பெறும் வயது 60 என்று சட்டம் வந்தது 2013 ஜூலையில்தான். அதற்கு முன்பு 55 வயதானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் தோட்டத் தொழிலாளிக்குப் போவதற்கு வீடு ஏது? லயத்து வீடு வேலைக்குக் கொடுக்கப்பட்ட வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவருக்குச் சேமநிதியில் இருந்த பணம் ஒரு சிறிய வீட்டின் முன்பணத்துக்குக் காணும். மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும். அக்கடனுக்கு என் சம்பளச் சீட்டு வேண்டும்.

ஆகவே முதல் வேலை என்பது எனக்கு “என் ஆர்வம் எது” என்ற கேள்வியாக மட்டும் வரவில்லை. ஒரு கூரையைப் பற்றிய கேள்வியாகவும் வந்தது. இன்று இக்கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் இக்கேள்வி இருக்கும் என்றே நினைக்கிறேன். தம்பி தங்கையின் படிப்பாகவோ, அம்மாவின் மருத்துவச் செலவாகவோ, கல்விக் கடனாகவோ அது இருக்கலாம்.

தவறிய முதல் அடி

தேர்வு முடிவுகள் வந்தவுடன் என் பேராசிரியர் என்னை அழைத்து, முதுகலை ஆய்வில் சேருமாறு சொன்னார். உதவித்தொகை கிடைக்கும், ஆனால் சிறு தொகைதான். நான் வீட்டு நிலையைச் சொல்லி மறுத்துவிட்டேன். அம்மறுப்பு சரியா தவறா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியாது.

பிறகு தலைநகரில் ஒரு நிறுவனம் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தது. பதவியின் பெயர் ‘நிர்வாகப் பயிற்சியாளர்’. எந்தப் பட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அனுபவம் தேவையில்லை, வருமானத்துக்கு எல்லையில்லை என்று எழுதியிருந்தது. நேர்முகத் தேர்வு இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. அன்றே வேலை கிடைத்தது. அப்பா லயம் முழுக்க, “மவன் கோலாலம்பூர்ல ஆபிசர்” என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஆட்டுக்கறி சமைத்துக் கொடுத்தனுப்பினார்.

வேலைக்குப் போன மூன்றாம் நாள்தான் புரிந்தது. அடிப்படைச் சம்பளம் கிடையாது. வீடு வீடாகப் போய்ச் சேமிப்புத் திட்டம் விற்க வேண்டும். விற்றால் கமிஷன். முதலில் யாரிடம் விற்பது? உறவினர்களிடமும் நண்பர்களிடமும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் உறவினர்கள் எல்லாரும் காண்டா வாளி தூக்குகிறவர்கள். அவர்களிடம் நான் எதை விற்பது?

மூன்றாம் நாளே விலகியிருக்கலாம். விலகவில்லை. லயத்தில் ‘ஆபிசர்’ என்ற பெயர் பரவிவிட்டதே, அந்த வெட்கம்தான் காரணம். தினமும் விடியற்காலையில் பாரோயிலிருந்து பேருந்தில் சிரம்பானுக்குப் போய், அங்கிருந்து கொமியூட்டர் இரயிலில் கோலாலம்பூர். இரவு அதே வழியில் திரும்புவேன். ஐந்து மாதத்தில் என் கைக்கு வந்தது மொத்தம் ஆயிரத்து நூறு ரிங்கிட். இரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் அதைவிட அதிகம் செலவானது.

1999 ஜனவரியில் நானும் அப்பாவும் ஒரு வங்கிக்குப் போனோம். கடன் அதிகாரி இரண்டே பொருளைக் கேட்டார். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கறிக்கை. என்னிடம் இரண்டும் இல்லை. ‘ஊழியர்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கையெழுத்திட்ட தாளில் ‘முகவர்’ என்று இருந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து நிலையத்தில் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊழியரா, முகவரா?

என் கதையை இங்கே நிறுத்திவிட்டு, அதன் பாடத்தைச் சொல்கிறேன். வேலை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது பதவியின் பெயரை அன்று. நீங்கள் ஊழியரா, முகவரா என்பதைப் பார்க்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் வேறு வேறு. ஊழியராக இருந்தால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் உங்களைக் காக்கும். சேமநிதி, சொக்சோ, 2018இல் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டம் ஆகிய மூன்றும் உண்டு. முகவராக இருந்தால் உங்கள் வியாபாரம் உங்கள் பொறுப்பு. இவை எதையும் நிறுவனம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. விற்பனை முகவராகி நன்றாக வாழ்கிறவர்கள் பலர் உள்ளனர். அத்தொழிலை நான் குறை கூறவில்லை. தெரிந்து போவது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு என்பதே என் வாதம்.

ஊழியர் என்று உறுதியான பின் கீழ்க்காண்பவற்றைப் பாருங்கள்.

முதலாவது, அடிப்படைச் சம்பளமும் அலவன்சும் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா? 2,500 என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் 1,700 அடிப்படையும் மீதி ‘செயல்திறன் ஊக்கத்தொகை’ என்றும் இருந்தால், அந்த மீதி எப்பொழுது வேண்டுமானாலும் காணாமல் போகலாம். 1,700 ரிங்கிட் என்பது 2025ஆம் ஆண்டு முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். பட்டம் இல்லாதவருக்கும் சட்டம் அதைத் தருகிறது. உங்கள் நான்கு ஆண்டுப் படிப்புக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதை அதற்கு மேலிருந்து எண்ணுங்கள்.

இரண்டாவது, சேமநிதி. ஊழியரின் பங்கு 11 விழுக்காடு. சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டிருந்தால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. அதற்கு மேல் 12. ஒவ்வொரு மாதப் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே உங்கள் சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கணக்கில் போடாத முதலாளிகளும் உண்டு.

மூன்றாவது, வேலை நேரமும் விலகல் அறிவிப்பும். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது; முன்பு 48. ஒப்பந்தத்தில் எதுவும் குறிப்பிடவில்லை எனில், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். பயிற்சிக்குச் செலவிட்டோம், மூன்று ஆண்டுக்கு விலகக் கூடாது என்று ஏதேனும் பிணைப்பு இருந்தால், அதன் தொகையைக் கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நான்காவதாக ஒன்று. வேலை தருவதற்குப் பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதலாளி சம்பளம் கொடுப்பதுதான் வேலை.

ரப்பர்ப் பாலும் வேதியியலும்

வங்கியிலிருந்து திரும்பிய வாரமே அந்த வேலையை விட்டேன். அடுத்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் கழகத்தில் எனக்கு மூன்று ஆண்டு மூத்தவர் ஒருவர் இருந்தார். நெருங்கிய நண்பர் அல்லர். ஒரு பேச்சுப் போட்டியின்போது நாற்காலி அடுக்கியதில் பழக்கம், அவ்வளவுதான். 1999 பிப்ரவரியில் சிரம்பான் பேருந்து நிலையத்தில் அவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்டார். அன்று ஏனோ பொய் சொல்லத் தோன்றவில்லை, உள்ளதைச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: “செனாவாங்ல ஒரு பேக்டரியில லேப்புக்கு ஆள் தேடுறாங்க தம்பி. பேப்பர்ல போடல. ரப்பர்ப் பால் சம்பந்தப்பட்ட வேலை. உனக்குப் பிடிக்குமோ என்னவோ.”

செனாவாங் தொழிற்பேட்டை எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். பல்கலைக்கழகம் போனதே ரப்பர்ப் பாலை விட்டு விலகத்தான் என்று எண்ணியிருந்தவனுக்கு, அவ்வேலை முதலில் கசந்தது. ஆனாலும் போனேன்.

நேர்முகத் தேர்வு நடத்தியவர் ஒரு சீனர், தொழிற்சாலை மேலாளர். என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “மரத்திலிருந்து வந்த பால் ஏன் சில மணி நேரத்தில் உறைகிறது?” என்று கேட்டார். நுண்ணுயிர்கள் பாலில் அமிலத்தை உண்டாக்குகின்றன, அதனால் ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அம்மோனியா சேர்த்தால் அது தடுக்கப்படுகிறது என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு, “மழை பெய்த மறுநாள் வரும் பாலில் என்ன வேறுபாடு?” என்றார். இது பாடநூலில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். மழைக்குப் பின் பால் தண்ணீராக இருக்கும். ஸ்டோரில் கிராணி மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். அளவு குறைவாகக் காட்டும். வாளி நிறைய இருந்தாலும் உலர் ரப்பர் எடை குறைந்து, அன்றைய கூலியும் குறையும். அப்பா முகத்தைப் பார்த்தே அன்றைய அளவு என்ன என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். இதை அப்படியே சொன்னேன். மேலாளர் சிரித்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சம்பளம் 1,250 ரிங்கிட். தலைநகரில் என் நண்பர்கள் வாங்கியதைவிடக் குறைவு. ஆனால் மாதக் கடைசியில் ஒரு சீட்டு வந்தது. அதில் சேமநிதி இருந்தது. மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு சீட்டுகள் சேர்ந்ததும் அதே வங்கிக்குப் போனோம். தோட்ட நிர்வாகம் அப்பாவுக்கு ஆண்டு இறுதிவரை தவணை கொடுத்திருந்தது. 1999 டிசம்பரில் பாரோய் வட்டாரத்திலேயே இரண்டு அறை கொண்ட ஒரு விலை குறைந்த வீட்டுக்குக் குடிபோனோம். அப்பா தம்முடைய உளியைச் சமையலறை நிலைக்கு மேலே செருகி வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

தூரத்துப் பழக்கத்தின் வலிமை

அந்தப் பேருந்து நிலையச் சந்திப்பு வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு சமூகவியல் ஆய்வைப் படித்தபோது, அதற்கு ஒரு காரணம் இருப்பது தெரிந்தது. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களைச் சந்தித்து, இவ்வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். அவருடைய கட்டுரை 1973இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தனர். இதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் ‘தெரிந்தவரை’ அடிக்கடி சந்திப்பவர்கள் நூற்றுக்கு 17 பேர் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவது அல்லது மிக அரிதாகப் பார்க்கும் பழக்கத்தினர்.

காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாததைச் சொல்லக்கூடியவர் வேறு வட்டத்தில் இருப்பவர்தான். 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரு தொழில்முறை இணையத்தளத்தின் ஏறத்தாழ 2 கோடிப் பயனர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்தது. ஓரளவு தளர்ந்த பழக்கங்களே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று அதுவும் கண்டது.

இதை எங்கள் தோட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லயத்தில் நெருக்கத்துக்குக் குறைவே இல்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே நிற்கும். ஆனால் நாற்பது குடும்பத்துக்கும் தெரிந்த வேலைகள் ஒரே வேலைகள்தாம். பால்வெட்டு, லோரி, பாதுகாவலர், தொழிற்சாலை உற்பத்திப் பிரிவு. ஆய்வுக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி லயத்துக்குள் வர வழியே இல்லை. கணக்காய்வாளர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் செய்தி, நம் பிள்ளைகளுக்குப் பேருந்து நிலையத்தில் தற்செயலாகத்தான் கிடைக்கிறது.

இந்தக் குறையை நிரப்பக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது நம் கழகம்தான். மாணவர்களே, நாற்காலி அடுக்கும் வேலையை யாரோ செய்யட்டும் என்று ஒதுங்காதீர்கள். முன்னாள் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் வேலை கேட்க வேண்டாம்; செய்தி கேளுங்கள். “உங்கள் துறையில் புதிதாகச் சேருபவர் முதல் ஆண்டில் என்ன செய்வார்? எந்தத் திறன் இல்லாமல் திண்டாடுகிறார்?” என்ற இரண்டு கேள்வி போதும். முன்னாள் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அப்படி ஒரு கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. என் வீட்டுக் கூரை அப்படிப்பட்ட ஒருவரின் பத்து நிமிடத்தில் வந்ததுதான்.

அரசாங்க வேலைக்குக் காத்திருக்கலாமா?

நம் பெற்றோர் பலருக்கு வேலை என்றாலே அரசாங்க வேலைதான். “பென்ஷன் உண்டு” என்பார்கள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அச்சொல்லின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இன்றைய நிலையை அவர்களுக்கு நாம்தான் விளக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், புதிதாகப் பொதுச் சேவையில் சேருவோருக்கு ஓய்வூதியத் திட்டத்திற்குப் பதிலாகச் சேமநிதித் திட்டமே என்று அரசாங்கம் அறிவித்தது. ஆகவே ஓய்வூதியம் ஒன்றையே காரணமாகக் கொண்டு காத்திருப்பதில் பொருளில்லை. சேவை செய்யும் வாய்ப்பு, நிலைத்தன்மை, பதவி உயர்வுப் படிகள் ஆகியவை வேண்டுமானால் தாராளமாக முயலுங்கள். நம் சமுதாயத்திலிருந்து அதிகாரிகள் வர வேண்டியதும் அவசியமே.

முயல்வது எப்படி? பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பதிவில் உங்கள் விவரங்களைப் பதிய வேண்டும். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் பட்டதாரிப் பதவிகளில் நிரந்தர நியமனம் கிடைக்காது. அது இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு எழுத்துத் தேர்வு, மதிப்பீட்டு முகாம், நேர்முகம் என்று படிகள் உண்டு. பதிவுக்குக் காலக்கெடு உள்ளதால் புதுப்பிக்க மறக்கக் கூடாது.

ஆசிரியர் பணிக்கு வழி வேறு. கல்வியியல் பட்டம் பெற்றவர்கள் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்துக்குச் செல்கின்றனர். மற்றப் பட்டதாரிகள் ஆசிரியராக, பட்டத்துக்குப் பின் கல்வியியல் பட்டயம் பெற வேண்டும். எங்கள் காலத்தில் அதைக் கே.பி.எல்.ஐ. என்றார்கள், என் தோழர்கள் பலர் அவ்வழியாகத்தான் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்றனர். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எல்லாப் பாடத்துக்கும் இடம் திறக்கும் என்று சொல்ல முடியாது. தற்காலிக ஆசிரியராகச் சில மாதம் பணியாற்றிப் பாருங்கள். முப்பது பிள்ளைகளின் முன் நிற்பது உங்களுக்கு இன்பமா துன்பமா என்பதை அது சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். அழைப்பு வர ஓராண்டும் ஆகலாம், வராமலும் போகலாம். வேலை செய்துகொண்டே காத்திருங்கள்.

சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள்

இவ்வாண்டு என் அக்காள் மகள் கணினி அறிவியலில் பட்டம் பெற்றாள். அவளுக்கு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று செனாவாங் தொழிற்சாலையில். சம்பளம் 2,300 ரிங்கிட். மற்றொன்று கோலாலம்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், சம்பளம் 2,900. “மாமா, எதுக்குப் போகட்டும்?” என்று கேட்டாள். ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம்.

செனாவாங்: 2,300இல் சேமநிதி 253, சொக்சோவும் வேலை காப்புறுதியும் சுமார் 16. கைக்கு வருவது ஏறக்குறைய 2,030. வீட்டிலிருந்தே போகலாம். எண்ணெய், வண்டிச் செலவு 150. சாப்பாட்டுச் செலவு 300. மிச்சம் 1,580.

கோலாலம்பூர்: 2,900இல் சேமநிதி 319, மற்றவை சுமார் 20. கைக்கு வருவது ஏறக்குறைய 2,560. அறை வாடகை 550, சாப்பாடு 700, போக்குவரத்து 250. மிச்சம் 1,060.

சம்பளம் 600 கூடுதல். மிச்சமோ 520 குறைவு. இதற்கு மேல் இரண்டு இடத்திலும் உயர்கல்விக் கடன் தவணை கட்ட வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் கட்டணம் என்பதால் அது கடுமையான கடன் அன்று. ஆனால் கட்டாமல் விட்டால் நிலுவை சேர்ந்துகொண்டே போகும். முதல் சம்பளத்திலிருந்தே ஒரு சிறு தொகையை ஒதுக்குவது நல்லது.

கணக்கு இதோடு முடிந்துவிடவில்லை. மிச்சத்துக்கு அடுத்த வரியில் இன்னொன்றை எழுதச் சொன்னேன்: இரண்டாண்டு கழித்து இவ்வேலையை விட்டு வெளியே வரும்போது, இன்று செய்யத் தெரியாத எதைச் செய்யத் தெரிந்திருக்கும்? செனாவாங் வேலையில் பழைய கணினிகளைப் பராமரிப்பதும் அறிக்கை தயாரிப்பதும்தான். கோலாலம்பூரில் நான்கு மூத்த பொறியாளர்களோடு உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும்; அவள் எழுதுவதை ஒருவர் ஒவ்வொரு வாரமும் திருத்திக் கொடுப்பார். இதை அவள் நேர்முகத்திலேயே கேட்டு உறுதி செய்திருந்தாள்.

முதல் வேலைதான் தலையெழுத்தா?

இல்லை. இதற்கும் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடாவில் பொருளாதாரச் சரிவின்போது பட்டம் பெற்றவர்களின் வருமானத்தை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து, 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மற்ற ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களைவிட அவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தனர். அவ்வேறுபாடு படிப்படியாகக் குறைந்து, பத்து ஆண்டுக்குள் பெரும்பாலும் மறைந்தது. எப்படி மறைந்தது? நல்ல நிறுவனங்களுக்கு மாறியதால்தான். நகராமல் இருந்தவர்களுக்குக் காயம் ஆற நாளானது.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. முதல் வேலை தவறினால் வாழ்க்கை முடிந்துவிடாது என்பது ஒன்று. தவறு என்று தெரிந்த பின்னும் வெட்கத்துக்காக அங்கேயே இருந்தால் அது வளரும் என்பது மற்றொன்று. நான் இழந்தது அந்த வேலையால் அன்று. மூன்றாம் நாள் தெரிந்ததை ஐந்தாம் மாதம்வரை மறைத்ததால்தான்.

என் அக்காள் மகள் கோலாலம்பூருக்குத்தான் போனாள். எனக்கு முதலில் சற்று மனவருத்தம். வீட்டிலிருந்தே போகலாமே, மிச்சம் கூடுதலாயிற்றே என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அவள் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, “மாமா, உங்களுக்கு அப்ப வீடு போகப் போவுது. எனக்கு வீடு இருக்கு. அதனாலதான் நான் கத்துக்கப் போறேன்” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நான் போட்ட கணக்கு சரிதான். ஆனால் அது 1999ஆம் ஆண்டின் கணக்கு. அந்தக் கணக்கை ஒருவர் போட்டு முடித்ததால்தான் அவள் இன்று வேறு கணக்குப் போட முடிகிறது.

ஆகவே அன்பு மாணவர்களே, யாருடைய விடையையும் பார்த்து எழுதாதீர்கள், என்னுடையதையும்தான். ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டுக்கு இப்பொழுது எது அவசரம், கையில் மிஞ்சுவது எவ்வளவு, இரண்டாண்டில் கற்பது என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். அப்புறமும் தயக்கம் இருந்தால் கழகத்தின் வழியாக எனக்கு எழுதுங்கள். ரப்பர், வேதியியல், தொழிற்சாலை இவை பற்றித்தான் எனக்குத் தெரியும். மற்றத் துறை என்றால், தெரிந்த ஒருவரைத் தேடிச் சொல்கிறேன். பதில் நிச்சயம் வரும்.